முறிந்த போல்ட்டுக்கு ஒரு நட் போதும்
பிக்கப் வண்டியில் ஷாக் அப்சார்பர் கழற்றும்போது சேஸிஸ் மரைக்குள் போல்ட் முறிந்துவிட்டால், உடனே டிரில் போடாதீர்கள். வெளியே தெரியும் துண்டின்மேல் பூச்சில்லாத நட் ஒன்றை வைத்து, அதன் ஓட்டைக்குள் வெல்டிங் வையுங்கள். சிவப்பு அடங்கிக் கருத்ததும் ஸ்பேனர் மாட்டி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத் திருப்புங்கள்.

சூட்டில் விரியும் போல்ட் ஆறும்போது சுருங்கும். அதில் மரையைக் கவ்வியிருக்கும் துரு விட்டுப்போகும். ஸ்பேனருக்கும் பிடி கிடைக்கும். முதல் நட் பிய்ந்தாலும் விடாதீர்கள், இன்னொன்று வையுங்கள். பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவதில் வந்துவிடும்.

துண்டு ஓட்டைக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் இது சரிவராது. டீசல் டேங்க், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். பேட்டரி வயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.