கால்பேக்குக்குள் வெடிக்கும் பிழை, டெஸ்ட்டில் பச்சை

பைத்தானில் சிடைப்ஸ் (சி மொழி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் நூலகம்) வழியாக சி மொழியின் கியூசார்ட்டை (வரிசைப்படுத்தும் ஃபங்ஷன்) அழைத்து, ஒப்பிடும் வேலைக்கு ஒரு பைத்தான் ஃபங்ஷனைக் கால்பேக்காக, அதாவது சி பக்கம் திருப்பி அழைக்கும் ஃபங்ஷனாக, கொடுக்கிறீர்கள். அதற்குள் வேல்யூஎரர் போன்ற ஒரு எக்ஸெப்ஷன் (பிழை) எழுந்தால்? அழைத்த இடத்துக்கு அது வந்து சேராது. திரையில் ஒரு டிரேஸ்பேக் (பிழை எங்கே எழுந்தது என்ற விவரம்) அச்சாகும், அவ்வளவுதான். கியூசார்ட் பாட்டுக்கு வேலையை முடித்துவிடும். எக்ஸெப்ஷன் வராமல் இருந்தால் போதும் என்று பார்க்கும் டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். நானும் இப்படி ஏமாந்திருக்கிறேன்.

அதனால் கால்பேக்கின் உடல் முழுவதையும் டிரை-எக்ஸெப்டுக்குள் (பிழையைப் பிடிக்கும் பகுதி) போடுங்கள். பிழையை ஒரு மாறியில் சேமித்து, 0 திருப்பி அனுப்புங்கள். கியூசார்ட்டைப் பாதியில் நிறுத்த வழியில்லை. எனவே பிழை சேமிக்கப்பட்டிருந்தால் அடுத்த அழைப்புகள் உடனே 0 தந்து விலகட்டும். சி பக்கம் முடிந்ததும் சேமித்த பிழையை மறுபடி ரெய்ஸ் செய்யுங்கள் (எழுப்புங்கள்).

டெஸ்ட்டில் முதல் அழைப்பில் மட்டுமல்ல, மூன்றாவது அழைப்பிலும் வேண்டுமென்றே பிழை எழுப்பிப் பாருங்கள். நடுவழியில் உடைவதுதான் உண்மையான சோதனை. அப்புறம், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியைப் பயன்படுத்துவோர் ‘பைடெஸ்ட்அன்ரெய்சபிள்எக்ஸெப்ஷன்வார்னிங்’ என்ற எச்சரிக்கையை எரராக மாற்றி வைத்தால், இப்போதைய பைத்தான் பதிப்புகளில், கால்பேக்கில் பிடிபடாமல் தப்பிய பிழைகளும் டெஸ்ட்டைச் சிவப்பாக்கும்.