டர்பனில் பழைய கட்டடத்தை இடிபடாமல் காக்க

முதலில் கட்டடத்தின் வயதை நிறுவுங்கள். தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுத் தேசிய மரபுவளச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தை மாகாண மரபுவள ஆணையத்தின் அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது. டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அப்பொறுப்பு அமாஃபா நிறுவனத்தினுடையது.

நகராட்சியில் உள்ள பழைய கட்டட வரைபடமே வலுவான சான்று. அது கிடைக்காவிட்டால், வாசலில் பதித்த உபயக் கல்லையும், கட்டடம் தெரியும்படி எடுத்து, பின்புறம் தேதி எழுதிய பழைய திருமணப் படங்களையும் எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். கல்லில் தமிழாண்டின் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை; அப்பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

இடிப்பு விண்ணப்பம் வந்துவிட்டால், கையெழுத்து வேட்டையைவிட, கெடுவுக்குள் சான்றுகளுடன் தரும் எழுத்துமூல ஆட்சேபமே பயன்தரும் என்பது என் கருத்து. கூரையை யார் பழுதுபார்ப்பார், செலவை யார் ஏற்பார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.