சுவத்துல ஓதமா? பெயிண்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க

வீட்டை ரெனோவேட் பண்றப்போ ஓதம் அடிச்ச சுவரைக் காட்டினா, "சுரண்டிட்டு ஒரு கோட் டேம்ப் ப்ரூஃப் அடிச்சிடலாம் சார்"னு பெயிண்டர் சொல்வாரு, ஒத்துக்காதீங்க. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம எதை அடிச்சாலும் அடுத்த ஐப்பசி மழைக்குள்ள பொரிஞ்சு உதிர்ந்துடும். எங்க ஹால் சுவரை சரிபண்ணின வரிசையிலயே சொல்றேன்.

1. ஈரம் எந்த உயரத்துல இருக்குன்னு பாருங்க. தரையிலேர்ந்து மூணடிக்குள்ள, உப்பு பூத்து இருந்தா பெரும்பாலும் மண்ணுலேர்ந்து ஏறுற ஓதம். சீலிங் ஓரம்னா மொட்டை மாடி. நடுவுல திட்டா இருந்து அந்தப்பக்கம் பாத்ரூம்னா பைப்பு, இல்லன்னா டைல்ஸ் ஜாயிண்ட். ஈரத்தைச் சுத்தி பென்சில் கோடு போட்டு தேதி எழுதுங்க. மாய்ஸ்ச்சர் மீட்டரை விட எனக்கு இந்தக் கோடுதான் நம்பிக்கை, சுவத்துல உப்பு இருந்தா மீட்டர் ஈரத்தை கூட்டிக் காட்டும்.

2. வழியைக் கண்டுபிடிங்க. எங்களுக்கு இழுத்தடிச்சது இதுதான். பிளம்பர் வந்ததும் அந்தப்பக்கம் இருக்குற பாத்ரூமோட மொத்த டைல்ஸையும் உடைக்கணும்னாரு, நான் விடல. ராத்திரி மோட்டாரை நிறுத்தி, எல்லா டேப்பும் மூடி, ஃப்ளஷ் டேங்க் வால்வையும் மூடிட்டு, மேல் டேங்க்ல தண்ணி மட்டத்தை குறிச்சு வைங்க. காலைல குறைஞ்சிருந்தா சப்ளை பைப்புல லீக். எங்களுக்கு குறையவே இல்ல. அடுத்து நஹானி டிராப்பை (பாத்ரூம் தரையில தண்ணி வெளிய போற ஓட்டை) துணி வச்சு நல்லா அடைச்சு, பாத்ரூம் தரையில ஒரு இன்ச் தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம், ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டிருச்சு. டிராப் தரையோட சேர்ற இடம் விட்டுப்போயிருந்துச்சு, அதைச் சுத்தி மட்டும் உடைச்சா போதும்னு ஆச்சு. ரெண்டு டெஸ்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, சுவர் மெதுவாத்தான் காட்டும்.

3. லீக்கை அடைச்ச பிறகு, கோட்டுக்கு மேல ஒரு அடி சேத்து செங்கல் தெரியுற வரைக்கும் பூச்சைக் கொத்துங்க. உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டுங்க, தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப செங்கலுக்குள்ளயே போயிடும். அப்புறம் காய விடுங்க, வாரக்கணக்குல ஆகும், மேஸ்திரி அவசரப்படுத்துவாரு. பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் கழிச்சுப் பாருங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயல.

4. பூச்சு 1:4 (சிமெண்ட் ஒண்ணு, மணல் நாலு), வாட்டர்ப்ரூஃப் லிக்விட் பொதுவா சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி (டப்பாவுல போட்டிருக்குறதைப் பாத்துக்கோங்க), 7 நாள் தண்ணி காட்டுங்க. பட்டி, பெயிண்ட் எல்லாம் ஒரு மாசம் கழிச்சு. அந்த சுவத்துக்கு ஜிப்சம் பூச்சு வேண்டவே வேண்டாம்.

அப்டேட்: தரைத்தள வீட்டுக்காரங்க நிறைய பேர் கமெண்ட்ல கேட்டீங்க, மண்ணுலேர்ந்து ஏறுற ஓதத்துக்கு சுவத்துல ஓட்டை போட்டு கெமிக்கல் இன்ஜெக்‌ஷன் பண்ணலாமான்னு. அதுக்கு முன்னாடி வெளிய போய் பாருங்க. சென்னைல ரோடு மேல ரோடு போட்டு உசத்திட்டாங்க, நாமளும் வாசலை உசத்தி சிமெண்ட் போட்டுடுறோம், மண் பேஸ்மெண்ட்டைத் தாண்டி சுவத்தையே தொட்டுட்டு நிக்குது. வீட்டுத் தரை மட்டத்துக்கு அரை அடி கீழ வர்ற மாதிரி அந்த மண்ணை வெட்டி எடுத்து, மழைத்தண்ணி வெளிய ஓட வாட்டம் வச்சு, ஒரு மழைக்காலம் பாத்துட்டு அப்புறம் இன்ஜெக்‌ஷனுக்கு காசு குடுங்க.