மலையில் இருந்தே ஆடிஷன் வீடியோ: ஊட்டி, குன்னூர் பக்கத்து இளம் நடிகர்களுக்கு

ஆடிஷனின் முதல் சுற்றுக்காக மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டிய அவசியம் இப்போது பெரும்பாலும் இல்லை. இரண்டு பக்க வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நடித்து வீடியோவாகத் தரச் சொல்லிவிடுகிறார்கள். மலை வீட்டில் அதை எடுக்கும்போது நடிப்பைவிட மழையும் மூடுபனியும்தான் அதிகம் படுத்தும்.

முதலில் சத்தம். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது. ஓயும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவத்திலும் இந்தத் தொல்லை அதிகம். அடுத்தது எதிரொலி. வெறும் சுவருள்ள அறையில் பேசினால் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். போனுக்குப் பின்னால் இரண்டு கம்பளி, பக்கவாட்டில் ஒன்று, தரையில் ஒன்று போடுங்கள். மலையில் கம்பளிக்கா பஞ்சம்! கைதட்டிப் பாருங்கள், சத்தம் சட்டென்று அடங்கினால் சரி. காலர் மைக்கை ஸ்வெட்டருக்கு உள்ளே மாட்டினால் ஒவ்வொரு அசைவுக்கும் கரகரக்கும், வெளியே மாட்டுங்கள்.

வெளிச்சத்துக்கு ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். மூடுபனி அடர்ந்த பகலில் முகத்தில் நிழல் விழாமல் மென்மையான வெளிச்சம் கிடைக்கும்; காசு கொடுத்தாலும் கிடைக்காத லைட் அது. ஆனால் பனி விலகி விலகி மூடினால், நடு வசனத்தில் முகம் வெளுத்துக் கறுக்கும். போன் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (வெளிச்ச அளவு) பூட்டிக்கொள்ளும். அதனால் போன் தானாக ஏற்றி இறக்குவது நிற்குமே தவிர, வானம் மாறுவது நிற்காது. அப்படிப்பட்ட நாளில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ஒரே நிற எல்இடி பல்புகள் இரண்டில் எடுங்கள். ஜன்னலையும் பல்பையும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில பல்புகளில் நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் கோடுகள் ஓடும். 25 ஃபிரேம் அல்லது 1/50 நொடி ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

போன் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், 5 அல்லது 6 அடி தள்ளி. பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள். நெஞ்சில் இருந்து தலைவரை தெரிந்தால் போதும். பச்சை, ரோஸ் சுவராக இருந்தால் ஒரு வெளிர் சாம்பல் போர்வையைச் சுருக்கமில்லாமல் கட்டிவிடுங்கள். எதிர் வசனம் படிப்பவர் கேமராவை ஒட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் உங்கள் இரண்டு கண்ணும் தெரியும். அவர் போனுக்குப் பக்கத்தில் இருப்பதால் தாழ்ந்த குரலில் படிக்கட்டும். இல்லாவிட்டால் அவர் ஆடிஷன் கொடுத்ததாக ஆகிவிடும்.

மேடையில் பழகியவர்கள் சறுக்குவது இனிமேல்தான். "அப்பா, சம்பளம் வந்துருச்சா?" என்று ஒரு வரி. மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒருமுறை சொல்லுங்கள். பிறகு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் அதையே கேளுங்கள். கேட்க வேண்டிய தேவை குறையக் கூடாது. புருவம், கை, சத்தம் மூன்றும் குறைய வேண்டும். கையில் டீ டம்ளர் இருந்தால், "சம்பளம்" என்ற சொல்லில்தான் கீழே வைத்தீர்கள் என்றால் எல்லா டேக்கிலும் அதே சொல்லில் வையுங்கள். செட்டில் குளோசப்புக்காகத் திரும்ப நடிக்கும்போது இந்தக் கன்டினியூட்டி பிசகினால் எடிட்டிங்கில் ஒட்டாது.

ஜனவரியில் காலை 6 மணி கால்ஷீட் என்றால் தொண்டை இறுகிக் கிடக்கும். எடுத்தவுடன் கத்தக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிடம் வாய்மூடி முனகல், உதட்டைப் படபடக்க விட்டு ஏற்றி இறக்கல், அதற்குப் பிறகு "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் மேல்" என்று ழகரப் பயிற்சி. கோடைக் காட்சியைக் குளிரில் எடுக்கும்போது வாயில் புகை வரும். டேக்குக்கு முன் ஐஸ் கட்டியைச் சற்று வாயில் வைத்திருந்து துப்பினால் அது குறையும்.

முறையாகப் படிக்க விரும்பினால் டெல்லி தேசிய நாடகப் பள்ளி, புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறை என்று வழிகள் உண்டு. டெல்லியில் பட்டப்படிப்போடு மேடை அனுபவமும் கேட்பார்கள் என்பதால், நடித்த ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழையும் போட்டோவையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

14 வயதுக்குட்பட்டவர் என்றால் சட்டப்படி நாளுக்கு 5 மணி நேரம்தான் வேலை வாங்கலாம், இடைவெளி இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்புக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தை பெயரில் வங்கி வைப்புத்தொகையாகப் போக வேண்டும். வயது எதுவானாலும் ஆடிஷனுக்குக் கட்டணம், போட்டோ ஷூட்டுக்கு முன்பணம் என்று கேட்கும் ஆளிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீடியோவின் தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள். படுகர் மொழி, மலையாளம், கன்னடம் வந்தால் விடாமல் சொல்லுங்கள். மதுரைப் பேச்சு வராது என்றால் வரும் என்று சொல்ல வேண்டாம், செட்டில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் கதாபாத்திரத்தின் பெயரையும் வைத்து, வாட்ஸ்அப்பில் வீடியோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் தரம் நசுங்கிவிடும். எஸ்டேட்டில் சிக்னல் ஒரு கோடுதான் என்றால் கடைசி நாள் இரவுவரை வைத்திருக்காமல், டவுனுக்கு வரும் அன்றே ஏற்றிவிடுங்கள்.