பாக்கெட் பிரிண்டரில் முதல் படம்: அந்த நீலத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

அண்ணன் கல்யாணப் படங்கள் எல்லாம் என் போனில்தான் கிடந்தன. "கையில புடிச்சுப் பாக்க ஒரு படமாவது குடுடா" என்றார் ஆச்சி. வாங்கினேன் ஒரு பாக்கெட் பிரிண்டர், போன் படத்தை அச்சடிக்கும் கையடக்க மெஷின். முதல் ஐந்து தாளும் வீண். நீங்களும் அப்படி வீணாக்க வேண்டாமென்றுதான் இது.

என்னுடையது ஜிங்க் (Zink) என்ற தாளில் அச்சடிக்கும் வகை, 2×3 அங்குலம். மை கிடையாது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று நிறங்களும் தாளுக்குள்ளேயே அடுக்காக இருக்கின்றன. பிரிண்டர் சூடு மட்டும் காட்டும்.

1. சார்ஜ் போடுங்கள், பிரிண்டரின் ஆப்பைப் போனில் இறக்குங்கள். ஆப்பில் பிரிண்டர் கண்ணில் படவில்லையா? ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் 'அருகிலுள்ள சாதனங்கள்' பெர்மிஷன், பழைய போன் என்றால் லொகேஷன். இரண்டில் ஒன்று அணைந்திருக்கும்.

2. தாள் வைப்பது. நான் சறுக்கியது இங்கேதான். தாள் பாக்கெட்டில் பத்து வெள்ளைத் தாளோடு ஒரு நீலத் தாளும் இருக்கும். பேக்கிங் அட்டை என்று நினைத்துக் குப்பையில் போட்டேன். வெள்ளைத் தாளையும் பளபளப்பு கீழே போகும்படி வைத்தேன். பிரிண்டர் உறுமியது, வெறும் வெள்ளைத் தாளைத் துப்பியது. பின்பக்கம் ஸ்டிக்கர் பசைதானே, அங்கே எத்தனை சூடு காட்டினாலும் நிறம் எங்கிருந்து வரும்?

சரியான முறை இது: நீலத் தாள் அடியில், பார்கோடு கீழ்நோக்கி. அதன்மேல் வெள்ளைத் தாள்கள், பளபளப்பு மேல்நோக்கி. நீலத் தாள் முதலில் வெளியே வரும். அந்தப் பாக்கெட் தாளுக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்து, உருளையையும் துடைத்துவிட்டு வருகிறது அது. பாக்கெட் தீரும்வரை பத்திரமாக வையுங்கள். நடுவில் படத்தில் கோடு விழுந்தால் மறுபடி ஒருமுறை ஓட்டலாம். வேறு பாக்கெட்டின் நீலத் தாள் வேண்டாம்.

3. கிராப். போன் படம் 4:3, தாள் 3:2. ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். படுக்கைவாட்டுப் படமென்றால் மேலும் கீழும் போகும். பின்வரிசையில் நின்ற மாமாவின் தலை எனக்கு அப்படித்தான் போனது. ஆப்பை நம்பாமல் கேலரியிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள், என் படங்கள் போனில் பார்த்ததைவிட இருட்டாகத்தான் வந்தன.

4. பிரிண்ட் கொடுங்கள். முழுதாக வெளியே வரும்வரை இழுக்காதீர்கள்.

முகங்களுக்கு என் ஓட்டு இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் என்ற வேறு வகை போன் பிரிண்டருக்குத்தான். அது நிஜ ஃபிலிம், படம் 62×46 மில்லிமீட்டர், தோல் நிறம் இதமாக வரும். ஆனால் தீரும்முன் பின்மூடியைத் திறந்தால் வெளிச்சம் பட்டு ஃபிலிம் பாழ். நோட்டிலும் டப்பாவிலும் ஒட்ட ஜிங்க்தான் வசதி.

பின்சேர்க்கை: நாலைந்து படத்துக்குப் பிறகு நின்றுவிடுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பழுதில்லை, சூடேறியிருக்கும். ஆறவிடுங்கள். மே மாத மதியத்தில் எனக்கும் நின்றது. மிச்சத் தாளை உறையோடு நிழலில் வையுங்கள், கார் டேஷ்போர்டில் வேண்டாம்.

ஆச்சி படத்தை மருந்து டப்பா மூடியில் ஒட்டியிருக்கிறார். மாமாவுக்குத் தலை இல்லாத அந்த முதல் படத்தைத்தான்.