அள்ளாதீர்கள், தள்ளுங்கள்: பனி அகற்றுவதை உடற்பயிற்சியாக்குவது எப்படி?

ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது, வாசலில் அரையடிப் பனி. இதை ஒழுங்காக அகற்றினாலே அன்றைய ஜிம் வேலை முடிந்துவிடும். ஒழுங்காக என்பதுதான் முக்கியம். என் முதல் குளிர்காலத்தில் வேகம் காட்டுகிறேன் என்று தோளுக்கு மேலே வீசி எறிந்தேன். அப்புறம் மூன்று நாள் குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை.

முதலில், இது யாருக்கு வேண்டாம்? இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும், வருடக்கணக்கில் உடற்பயிற்சியே செய்யாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஷவலை, அதாவது பனி அள்ளும் நீளப் பிடி வைத்த கருவியை, தொடாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். கைகளால் பாரம் தூக்கும்போது அது இன்னும் ஏறும். மூச்சை அடக்கினால் கேட்கவே வேண்டாம்.

படி 1: கணக்குப் போடுங்கள். 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலப் பாதையில் 15 செ.மீ. பனி என்றால் ஒன்றரை கன மீட்டர். பொசுபொசுவென்ற புதுப் பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் மொத்தம் 150 கிலோ. அதே அளவு ஈரப் பனி 450 கிலோவைத் தொடலாம். அதனால் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் அது ஈரப் பனி. ஷவலில் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள்.

படி 2: வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம் நடந்து, கைகால்களைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வேண்டாம். ஒரே தடிமனான கோட்டை விட, கழற்ற வசதியாக இரண்டு மூன்று அடுக்கு உடை நல்லது.

படி 3: தள்ளுங்கள். ஷவலைத் தரையோடு வைத்து, நடந்துகொண்டே பாதையின் ஓரத்துக்குத் தள்ளினால் கால்கள்தான் உழைக்கும். தூக்கியே ஆக வேண்டிய இடத்தில் ஒரு கை அலகுக்கு (பனியை ஏந்தும் அகலமான தகட்டுக்கு) பக்கத்தில், மறு கை பிடியில். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். கொட்ட வேண்டிய பக்கம் பாதத்தோடு முழு உடம்பையும் திருப்புங்கள். இடுப்பை மட்டும் முறுக்கினால் என் கதைதான்.

படி 4: சில நிமிடங்களுக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். தொடர்ந்து பேச முடியாத அளவுக்கு இரைத்தால் நிறுத்தி, நின்று, தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், கையிலோ தாடையிலோ வலி வந்தால் மீதிப் பனி அப்படியே கிடக்கட்டும். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அலகில் கொஞ்சம் மெழுகு தேய்த்தால் பனி ஒட்டாது. பெரிய பனிப்பொழிவு என்றால் முழுதும் நிற்கக் காத்திருக்காமல், நடுவில் ஒருமுறை போய்த் தள்ளிவிட்டு வாருங்கள். தெருப் பனியை அகற்றும் வண்டி வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் இறுகிய மேட்டைத் தனியாக, கடைசியில், சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுங்கள்.

மறுநாள் தொடை வலித்தால் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். இடுப்பு வலித்தால் மூன்றாம் படியை இன்னொரு முறை படியுங்கள்.