நாய்க்கு வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்த எங்கள் மணிக்கு முதல் வலிப்பு வந்தபோது, பதறிப்போய் அவன் வாயைத் திறக்கப் பார்த்தேன். அது தவறு. நாய் நாக்கை விழுங்கிவிடாது. நம் கைதான் கடிபடும். இரும்புச் சாவியும் வேண்டாம், வாயில் தண்ணீரும் ஊற்ற வேண்டாம்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். அதுவரை நாற்காலிகளை நகர்த்தி, விளக்கை அணைத்துவிடுங்கள். வலிப்பு நீண்டால் உடல் கொதிக்கும், மின்விசிறியை ஓடவிடுங்கள். யாராவது கைபேசியில் படம் பிடித்துவைத்தால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

தெளிந்த பிறகும் மணி சுவரில் முட்டி முட்டி நடந்தான். என்னைப் பார்த்தே உறுமினான், நெஞ்சு உடைந்துவிட்டது. சற்று நேரம் கண் தெரியாததுபோல் இருப்பது வழக்கம்தான். எட்ட உட்கார்ந்து, பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டிருங்கள். நன்றாகத் தெளிந்த பிறகே தண்ணீர் வையுங்கள்.

வலிப்பைக் கட்டுப்படுத்தும் பினோபார்பிட்டால் மாத்திரை கொடுத்து வந்தால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பக்கூடும்.